ஊசியின் பேய்

ஜனவரி 9

தம்பிக்கு,

சிப் பெட்டிக்குள் காகிதம் வைத்து அனுப்பும் பழக்கம் உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. ஒரே கட்டிடத்தில் நான் கீழ்த்தளத்திலும் நீ மூன்றாம் மாடியிலும் வேலை பார்த்தபோது ஆரம்பித்தது. நான் அணுவை வைத்து, மேலே சிலிக்கானைப் போட்டு மூடி அனுப்புவேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இன்றைக்கு லிஃப்ட் ரிப்பேர். அதிர்வே இல்லை. உன் அதிர்ஷ்டம்." நீ அளந்து பார்த்துவிட்டு அதே சீட்டின் முதுகில் பதில் எழுதுவாய். இப்போது நீ கடல் தாண்டிப் போய்விட்டாய், சீட்டும் கடிதமாகிவிட்டது. மெயிலில் எழுதினால் உங்கள் ஆபீசும் படிக்கும், எங்கள் ஆபீசும் படிக்கும். அக்கா தம்பி விவகாரத்தை எதற்கு ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டும்?

நீ கேட்ட சிப் இதில் இருக்கிறது. உன்னைப் பெரிய ஆளாக்கிய முதல் சிப்பின் நகல். சிலிக்கான் மேல் ஹைட்ரஜன் போர்வை போர்த்தி, ஊசி முனையால் சரியான இடத்தில் சில ஹைட்ரஜன் அணுக்களை மட்டும் கிள்ளி எடுத்து, அந்தப் பொத்தலில் ஒரே ஒரு பாஸ்பரஸ் அணுவை உட்கார வைத்திருக்கிறேன். ஒன்றுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன். நடுவில் அப்பா போன் செய்து "கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, எங்க வைக்கச் சொல்றது?" என்று கேட்டார். போன் அதிர்வில் படம் ஆடிப்போய், முதலிலிருந்து தொடங்கினேன்.

உன் பேட்டியை டிவியில் பார்த்தோம். "ஒரு தனி அணுவை நாங்கள் வைத்தோம், உலகில் எந்த அணுவும் இவ்வளவு நேரம் தன் நிலையை மறக்காமல் இருந்ததில்லை" என்றாய். "நாங்கன்னா யார் யாருடா?" என்று அப்பா டிவியைப் பார்த்தே கேட்டார். உன் கட்டுரையை நானும் படித்தேன். கடைசியில் நன்றி சொன்ன இடத்தில், ஹீலியம் சப்ளை செய்த கம்பெனிக்கு அடுத்து என் பெயர் இருக்கிறது. மிகவும் சந்தோஷம்.

அப்பா பத்திரிகையில் வந்த உன் படத்தை வெட்டி, ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். தினமும் காலையில் துடைக்கிறார்.

இன்னொரு விஷயம். ஜூன் மாதம் எங்கள் டைரக்டர் கீழ்த்தளத்தை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று முடிவு செய்யப் போகிறார். உன்னிடம் இந்த நகல் ஓடினால் அறை எனக்கு. ஓடாவிட்டால் மெஷினைக் கழற்றிவிட்டு என்னை ரசாயன ஸ்டோரில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்ட உட்கார வைப்பார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. காகிதத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பழக்கத்தை மறப்பேனா?

நன்றி சொன்ன வரிசை பத்திரிகைக்காரர்கள் போட்டது. அதில் எனக்குக் கை இல்லை. அடுத்த கட்டுரையில் உன்னை முதலில் போடச் சொல்கிறேன். இங்கே மூச்சு விட நேரமில்லை அக்கா. சாப்பாடு கூட, சிப்பை உறைய வைத்து அளக்கும் குளிர்மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டுதான்.

சிப் ஓடுகிறது. ஆனால் சுமார்தான். முதல் சிப்பில் எலக்ட்ரான் தன் நிலையை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது! இது கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் மறந்துவிடுகிறது. ஊரில் எல்லோரும் செய்கிற சிப் மாதிரி இருக்கிறது. போன வாரம் கூட்டத்தில் அந்த அம்மா, வடக்கே அளவைக்கூடம் நடத்துகிறாரே அவர்தான், எழுந்து நின்று "மறுபடி செய்து காட்டினால்தானே நம்ப முடியும், நகல் எங்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தயவுசெய்து இன்னொன்று செய். எதையும் மாற்றாதே, எதையும் மேம்படுத்தாதே. அன்றைக்கு எப்படிச் செய்தாயோ அச்சு அசல் அப்படியே. அன்றைக்கு வைத்திருந்த ஊசி இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதையே போடு.

அப்பா முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

அப்பா முழங்கால் அப்படியேதான். அதைப் பற்றி நீ அவரிடமே கேட்கலாம், அவர் போன் எடுப்பார்.

அந்த ஊசியை ஏன் கேட்கிறாய் என்று எனக்குப் புரியவே இல்லை. அது நல்ல ஊசியே இல்லையே. டங்ஸ்டன் கம்பியைக் காரத்தில் முக்கி அரிக்க விட்டு, முனையில் ஓர் அணு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி கொண்டுவருவதற்குள் எனக்கு எத்தனை கம்பி பாழாகும் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு அவசரப்படுத்தினாய். முனை இரண்டாகப் பிளந்திருந்த ஊசியோடுதான் வேலை செய்தேன். அணுக்களைத் தடவிப் படம் வரைவதும் அதே ஊசிதானே, இரட்டை முனை என்றால் எல்லாவற்றையும் இரண்டு தரம் வரையும். ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்தில் மங்கலாக அதே மாதிரி இன்னொன்று தெரியும். அதற்குப் 'பேய்' என்று பெயர் வைத்ததே நீதான். வைத்த அணுவுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி ஒன்று தெரிகிறது, வந்து பார் என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "அது உன் ஊசியோட பேய்க்கா, மூடு மூடு" என்று சிரித்தாய். மூடினேன்.

அந்த ஊசி எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. இந்த இரண்டாவது நகலைப் புது ஊசியில் செய்திருக்கிறேன். முனை அவ்வளவு கூர்மை, பேய் பிசாசு எதுவும் இல்லை. இதுவும் ஓடவில்லை என்றால் குளிர்மெஷினைப் பார்.

பழைய சீட்டுகளில் நீ எழுதும் பதில் ஞாபகம் வந்தது. ஒரு அணு சரியாக உட்கார்ந்திருந்தால் உன் வரைபடத்தில் இரண்டு கோடு வரும். அணுக்கரு மேலே பார்த்தால் ஒன்று, கீழே பார்த்தால் ஒன்று. "ஒரு அணுன்னா ரெண்டு கோடு, மறந்துடாதக்கா" என்று பாடம் நடத்துவாய். சிப் சரியாக இருந்தால் சீட்டின் முதுகில் வேறொன்றும் எழுதாமல் இரண்டு கோடு மட்டும் கிழித்து அனுப்புவாய். முதல் சிப்புக்கு மட்டும் சீட்டே வரவில்லை. நீயே படியிறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். அந்தச் சந்தோஷத்தில்தான் அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

டைரக்டர் நடைபாதையில் பார்த்தாலே "தம்பி என்ன சொல்றார்?" என்கிறார். என்ன சொல்லட்டும்?

அக்கா


ஏப்ரல் 14

வணக்கம்.

இரண்டாவது நகலையும், இடையில் நீங்கள் அவசரமாக அனுப்பிய மூன்றாவதையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டும் பயனில்லை.

நான் நேராகவே கேட்டுவிடுகிறேன். நன்றிப் பகுதியில் பெயர் எங்கே வந்தது என்ற கோபத்தைச் சிப் மேல் காட்டுகிறீர்களா? என் குழுவில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுத்தேன். இப்போது எனக்கே சந்தேகம் வருகிறது. கை பழகிய ஆள், நல்ல ஊசி, அதிர்வில்லாத அறை, எல்லாம் இருந்தும் முதல் சிப்பின் பக்கத்தில்கூட வரவில்லையே. எத்தனை முறை அளந்தாலும் வெறும் இரண்டே இரண்டு கோடு. அதற்கு மேல் எதுவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் யார் முகத்தில் விழிப்பது?

உங்கள் டைரக்டர் ஜூன் முடிவுக்காக வெளியிலிருந்து ஒருவர் கருத்து எழுதித் தர வேண்டும் என்று என்னைத்தான் கேட்டிருக்கிறார். உறவு என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், விடவில்லை. "உங்களைவிட அவங்க வேலையை யாருக்குத் தெரியும்?" என்கிறார். நான் என்ன எழுத வேண்டும் என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 26

தம்பிக்கு,

எப்போதிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? உனக்குத் தலை வாரிவிட்டு ஸ்கூலுக்கு இழுத்துக்கொண்டு போன காலத்தில் இந்த மரியாதை எல்லாம் எங்கே இருந்தது?

அதை விடு. உன் கடிதத்தை முதலில் படித்தபோது கோபத்தில் கிழித்துப் போடப் போனேன். பிறகு மறுபடி படித்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். "வெறும் இரண்டே இரண்டு கோடு."

ஒரு அணு வைத்தால் இரண்டு கோடுதானேடா வரும்? நீ சொல்லிக்கொடுத்த பாடம்தானே? நான் ஒரு அணு வைத்தேன், இரண்டு கோடு வந்தது. நியாயமாக நீ சீட்டின் முதுகில் அதைக் கிழித்து எனக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஏன் அது உனக்கு வெறுமையாகத் தெரிகிறது? அதற்கு மேல் எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாய்?

கீழ்த்தளத்துக்குப் போய் முதல் சிப்பின் படத்தைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். இரட்டை முனை வரைந்த பேய்கள் எல்லாம் ஒரே பக்கம், ஒரே தூரத்தில் நிற்கும். ஒரு தெருவில் எல்லா விளக்குக் கம்பத்தின் நிழலும் ஒரே பக்கம் விழுகிற மாதிரி. அந்தப் படத்திலும் அப்படித்தான் நிற்கின்றன, ஒன்றைத் தவிர. நம் அணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் நிழல் வேறு பக்கம் நிற்கிறது. அதுமட்டுமில்லை, அதற்கே தனியாக ஒரு பேய் இருக்கிறது. பேய்க்குப் பேய் பிடிக்குமா? அது நிழல் இல்லை. அது இன்னொரு பாஸ்பரஸ் அணு. நான் கிள்ளிய இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தல் விழுந்திருக்கிறது, அதிலும் ஒன்று உட்கார்ந்துவிட்டது. இரண்டு அணுவும் ஒட்டி இருந்ததால்தான் அந்த எலக்ட்ரான் அவ்வளவு நேரம் மறக்காமல் இருந்தது.

படத்தைப் பார்த்துப் பிடிக்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உனக்கோ அளந்த அன்றைக்கே கோடு கோடாக முன்னால் நின்றிருக்கும். இரண்டு அணு என்றால் எத்தனை கோடு என்று உனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். பூசி மெழுகாமல் பதில் சொல். முதல் சிப்பில் எத்தனை கோடு வந்தது?

அக்கா


மே 15

அக்கா,

நான்கு.

முதலில் மெஷினில் கோளாறு என்றுதான் நினைத்தேன். உன்னிடம் ஓடிவந்த அன்றைக்கு எனக்கு நிச்சயமில்லை, சத்தியமாக. நிச்சயமானபோது டைரக்டர் ஏற்கெனவே பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். 'ஒரு தனி அணு' என்று தலைப்பும் போட்டுவிட்டார்கள். வரைபடத்தில் ஓரத்து இரண்டு கோடும் எல்லைக்கு வெளியே போகும்படி வெட்டினேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு இந்த வேலை கிடைத்தது. பிறகு என்ற சொல்லுக்கு அப்புறம் எதுவுமே நடக்கவில்லை.

நீ நினைக்கிற மாதிரி நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு பெட்டி வரும்போதும், இந்தத் தடவையாவது தற்செயலாக இரண்டு விழுந்திருக்காதா என்று ஏங்கித்தான் பிரிக்கிறேன். உன் கை ஏன்தான் இவ்வளவு சுத்தமோ.

இப்போது சொல்வதைக் கோபப்படாமல் கேள். உன்னால் இரண்டு அணுவை வேண்டுமென்றே அடுத்தடுத்து வைக்க முடியும். உன்னால் மட்டும்தான் முடியும். அப்படி ஒரு சிப் செய்து அனுப்பு. வழக்கம் போலப் பெட்டி மேல் 'ஒரு அணு' என்று எழுது. நான் அளந்து, நகல் வெற்றி என்று சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா வாயை மூடுவார். ஜூன் கருத்தில் உன்னைப் போல உலகில் ஆள் இல்லை என்று எழுதுகிறேன், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே. உன் அறை உன்னிடமே இருக்கும். என் பெயரும் இருக்கும். அப்பாவுக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். யாருக்கு நஷ்டம் சொல்?

கருத்தில் இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை.

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருக்கிறாய். 'ஒரு அணு' என்ற உன் வார்த்தையை நம்பி, எத்தனை ஊரில் எத்தனை கீழ்த்தளத்தில் என்னைப் போல ஒருத்தி ஒற்றை அணுவை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, கை சரியில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். நான் வாங்கினேனே, உன்னிடமே. சிப் மேல் கோபத்தைக் காட்டுகிறேன் என்று எழுதும்போது, காரணம் என்னவென்று உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினாய். இரண்டு கோட்டை மறைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதை எப்படிப் பொறுப்பது?

டைரக்டரிடம் சொன்னேன். படத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அந்தக் கட்டுரையில நம்ம பேரும் இருக்கேம்மா. இப்பப் போய் இதைக் கிளறணுமா? உங்க தம்பி நல்லதா ஒரு கருத்து எழுதிக் குடுத்தா எல்லாருக்கும் சுலபமா முடிஞ்சிடும்" என்றார். நீயும் அவரும் பேசி வைத்துக்கொண்டீர்களா, இல்லை ஒரே மாதிரி யோசிக்கிறீர்களா என்று தெரியவில்லை.

நீ கேட்ட சிப்பைச் செய்துவிட்டேன். கடிதத்தை இந்தத் தடவை பெட்டிக்கு வெளியே உறையில் ஒட்டியிருக்கிறேன், சிப் உள்ளே இருக்கிறது. என் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக நான் எதுவும் செய்ததில்லை. சண்டைக்காரர்கள் தள்ளித் தள்ளி உட்காருவார்களே, அப்படி இல்லை. இரண்டு அணுவும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கின்றன, முதல் சிப்பில் இருந்த அதே இடைவெளியில். அன்றைக்குத் தவறி விழுந்ததை இன்றைக்குத் தெரிந்து வைத்திருக்கிறேன். மேலே சிலிக்கானைப் போட்டு மூடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

பெட்டி மேல் 'இரண்டு அணு' என்று எழுதியிருக்கிறேன். படத்தையும் கூடவே வைத்திருக்கிறேன். இனி உன் பாடு. இதை அளந்து, நாலு கோடு என்று ஊருக்குச் சொல். முதல் சிப்பும் இப்படித்தான் என்று நீயே சொல். கொஞ்ச நாள் திட்டுவார்கள். ஆனால் ஒன்றைவிட இரண்டு நல்லது என்று முதலில் கண்டுபிடித்தவன் நீதான் என்பது நிற்கும். அது சின்ன விஷயமா? பொய் சொல்லாமலே நீ பெரிய ஆளாகியிருக்கலாம், மடையா.

என் அறை இருக்குமா போகுமா என்பதும் நீ இதை அளப்பதில்தான் இருக்கிறது. வேண்டிக் கேட்கிறேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வழியில் ஈரம் பட்டிருந்தது. அளக்கும் நிலையில் இல்லை என்று குறித்துவிட்டேன்.

டைரக்டருக்குக் கருத்து அனுப்பியாயிற்று. உன்னைக் குறை சொல்லவில்லை. வயதாக ஆக எல்லோருக்கும் கை கொஞ்சம் தளரும் என்று மட்டும் பொதுவாக எழுதினேன். இங்கே என்னை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி மாசமாக இருக்கிறாள். அதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

என்னை மன்னித்துவிடு.

தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

வீட்டுக்காரிக்கு என் வாழ்த்தைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மெஷினைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெற்றிடக் குழாயைத் திறந்தபோது புஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் நடைபாதை வரை கேட்டது. இத்தனை வருஷம் ஒரு தூசி உள்ளே போகாமல் காத்த இடம். இப்போது ஒருவர் அதன் மேல் டீ கிளாஸை வைத்திருக்கிறார். திங்கட்கிழமை முதல் எனக்கு ஸ்டோரில் நாற்காலி.

உன் பெட்டியைப் பிரித்தேன். நான்கு பக்கமும் நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே ஈரம் காட்டும் அட்டை நான் வைத்த அதே நீல நிறத்தில் இருந்தது, துளிகூட மாறவில்லை. நீ திறக்கவே இல்லை. உலகத்திலேயே நல்ல சிப் உன் மேஜை வரை வந்தது, நீ மூடியைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. என் கை தளர்ந்துவிட்டது என்று எழுதினாயே, அதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெட்டியை அப்படியே வடக்கே அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். பெட்டி மேல் இருந்த எழுத்தோடு, முதல் சிப்பின் படத்தோடு. நன்றி சொல்லும் இடத்தில்கூட என் பெயர் வேண்டாம், எத்தனை கோடு வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். நேற்று என் பெயருக்கு ஒரு உறை வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. அவருக்கு நம் பழக்கம் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, ஒருவேளை எழுத நேரமில்லையோ என்னவோ. சீட்டில் ஒரு வார்த்தை இல்லை. நாலு கோடு மட்டும் கிழித்திருந்தார்.

அவர் இதை அடுத்த மாதக் கடைசியில் வெளியிடப் போகிறார். அதற்குள் உனக்குக் கொஞ்சம் நாள் இருக்கிறது. முந்திக்கொண்டு நீயே சொன்னால் உனக்குப் பாதி மானமாவது மிஞ்சும். சொல்ல மாட்டாய் என்றுதான் என் மனசு சொல்கிறது. ஆனாலும் சொல்லி வைக்கிறேன், அக்கா என்ற முறையில் என் கடமை இதோடு முடிந்தது. இனி அனுப்பப் பெட்டியும் இல்லை.

அப்பா இன்றைக்கும் காலையில் எழுந்து உன் படத்தைத் துடைத்தார். "நம்ம வீட்டுலயும் ஒருத்தன் பேர் சொல்ற மாதிரி வந்துட்டான்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அந்தப் படத்தைக் கழற்றவும் மாட்டேன். அப்பாவுக்கு நீ போன் செய்து நீயே சொல்.

அக்கா